சவுண்ட் கார்டில் சிப் மாற்றப் போய், வீட்டு எர்த் வரைக்கும் போன கதை

அசுஸ் சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் 2009-ல் வந்த கார்டு. இத்தனை வருஷம் கழித்து அதை எதற்கு வாங்கினாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். சாலிடரிங் அயர்னைத் தொடாமல் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிப் பார்க்கக்கூடிய சவுண்ட் கார்டு அதிகம் கிடையாது, அதனால்தான். ஆப்-ஆம்ப் என்கிற, சிக்னலைக் கையாளும் சின்ன ஆம்ப் சிப் மூன்றையும் சாக்கெட்டில் உட்கார வைத்து, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே விளம்பரம் செய்த கார்டு இது. சென்னை ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில், பெட்டி இல்லாமல் பப்பிள் கவரில் சுற்றி வைத்திருந்தார்கள். பேரம் பேசி வாங்கி வந்தேன்.

முதலில் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எந்த சிப்பை எதற்கு மாற்றினேன் என்பது புரியாது. டிஜிட்டலை அனலாக் ஆக்கும் டாக் சிப், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்1792ஏ. இது வோல்டேஜாக வெளியே விடாது, கரண்டாகத்தான் விடும். இடதுக்கு ஒரு ஜோடி, வலதுக்கு ஒரு ஜோடி என்று மொத்தம் நாலு கரண்ட் வழிகள். அந்தக் கரண்டை வோல்டேஜாக மாற்றுகிற வேலைக்குத்தான் ஜேஆர்சி 2114 என்கிற ஆப்-ஆம்ப் இரண்டு. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் இரண்டு ஆம்ப் இருப்பதால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. மூன்றாவது சாக்கெட்டில் இருப்பது எல்எம்4562, இது ஜோடியாக வரும் சிக்னலை ஒன்றாக்கிப் பின்னால் ஸ்பீக்கர் வயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டுக்கு அனுப்புகிறது. ஹெட்ஃபோன் பக்கம் போகும் சிக்னல் இந்த மூன்றாவது சிப்பைத் தொடுவதே இல்லை, அதற்குத் தனியாக டிபிஏ6120 என்று ஒரு ஆம்ப் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது, அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கிற ஆள் அந்த எல்எம்4562-ஐக் காசு போட்டு மாற்றினால் அது சுத்த வேஸ்ட். நிறைய பேர் மாற்றிவிட்டு "ஹெட்ஃபோனில் பேஸ் இறுக்கமாகிவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல.

எனக்கு இரண்டும் உண்டு. ராத்திரியில் 300 ஓம் ஹெட்ஃபோன், பகலில் ஆர்சிஏ வழியாக, உள்ளேயே ஆம்ப் இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர். ஹெட்ஃபோனில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. ஸ்பீக்கரில்தான் பாட்டு நின்றதும் ஒரு "ம்ம்ம்" என்கிற ஹம், அதற்கு மேல் மவுஸை நகர்த்தினால் மெல்லிய கிரீச். தம்பூராவும் வயலினும் மட்டும் ஒலிக்கிற கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் எது சுருதி, எது ஹம் என்று தெரியாத அளவுக்கு எரிச்சல். ஆப்-ஆம்பை மாற்றினால் சரியாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் அளந்துவிடுவோம் என்று ஆர்எம்ஏஏ மென்பொருளை இறக்கிக்கொண்டேன். ரைட்மார்க் ஆடியோ அனலைசர் என்பது முழுப்பெயர், பழசுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். கார்டின் அவுட்டை அதே கார்டின் இன்புட்டில் செருகி, தானே சத்தம் கொடுத்துத் தானே அளந்துகொள்ளும். எஸ்டிஎக்ஸில் லைன்-இன் ஆர்சிஏ கிடையாது, 6.3 மிமீ பெரிய ஜாக், மைக்குக்கும் அதேதான். அதனால் ஆர்சிஏ-யிலிருந்து 6.3 ஸ்டீரியோ பின்னுக்கு ஒரு வயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரைச்சல் அளவு மைனஸ் 113 டெசிபல் வாக்கில் வந்தது, கிராஃபில் மெயின்ஸ் ஹம் விழுகிற 50 ஹெர்ட்ஸில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை. கார்டுக்குள்ளேயே சுற்றிவிட்டால் சுத்தமாக இருக்கிறது, ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஹம் அடிக்கிறது. அப்படியென்றால் ஹம் கார்டுக்குள் இல்லை. அன்றைக்கே எர்த் பக்கம் போயிருக்கலாம்தான், ஆனால் சிப்பை ஆர்டர் செய்தாகிவிட்டது, பார்சல் வந்துகொண்டிருக்கிறது, கை அரிக்குமா அரிக்காதா?

இந்த அளவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள இடைவெளி கார்டின் அவுட்டுக்கு 124 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது, இன்புட்டுக்கு 118தான். அளக்கிற கருவியே அளக்கப்படும் பொருளைவிட மட்டமானது என்றால், 118-க்கு அப்பால் இருக்கும் முன்னேற்றம் எதுவும் இதில் தெரியாது. ஏதாவது மோசமானால் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த அளவில் நம்பலாம்.

நான் வாங்கியது இரண்டு எல்எம்4562, ஜேஆர்சி இரண்டுக்கும் பதிலாக. கூடவே ஆசைக்கு ஓபிஏ627 ஒரு ஜோடி. எல்எம்4562-ஐக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கினேன், ஒன்று சில நூறு ரூபாய். டேட்டாஷீட்டில் இரைச்சல் 2.7 நானோவோல்ட், ஸ்லூ ரேட் (அவுட்புட் எவ்வளவு வேகமாக மாறும் என்பது) மைக்ரோசெகண்டுக்கு 20 வோல்ட், காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஓபிஏ627 வேறு கதை. அது ஒற்றை ஆம்ப், எனவே இரண்டை ஒரு சின்ன அடாப்டர் போர்டில் வைத்துத்தான் இரட்டை சாக்கெட்டில் செருக வேண்டும். நிஜமான சிப் ஒன்றே ஆயிரங்களில் போகும், நான் ஆன்லைனில் பார்த்தது அடாப்டரோடு ஜோடி முந்நூறு சொச்சம். போலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன், போலி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

கார்டைக் கழற்றும்போது கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்ட்பை வோல்டேஜ் போர்டில் இருந்துகொண்டேதான் இருக்கும். சென்னைப் புழுக்கத்தில் ஸ்டாட்டிக் பயம் கொஞ்சம் குறைவு, ஏசி ரூம் என்றால் கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அனலாக் பகுதியை மூடியிருக்கும் தகரக் கவசத்தின் திருகுகளைக் கழற்றினால் மூன்று சாக்கெட்டும் கண்ணுக்குத் தெரியும். ஐசி புல்லர் என்று ஒரு இடுக்கி விற்கிறார்கள், எனக்கு அது சரிப்படவில்லை, பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரில் இடிக்கிறது. வாட்ச் ரிப்பேர் சைஸ் தட்டை ஸ்க்ரூடிரைவரை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் விட்டு, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று மாற்றி மாற்றி நெம்பினால் கால் வளையாமல் வந்துவிடும். ஒரே பக்கம் நெம்பினால் சிப் சட்டென்று எகிறி மறுபக்கக் கால்கள் மடங்கிவிடும்.

புதுச் சிப்பின் கால்கள் எப்போதும் கொஞ்சம் அகட்டியே வரும். அதை அப்படியே சாக்கெட்டில் அமுக்கக் கூடாது, ஒரு கால் உள்ளே போகாமல் அடியில் மடங்கி உட்கார்ந்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மேஜைமேல் சிப்பைப் பக்கவாட்டில் சாய்த்து நாலு காலையும் ஒன்றாக லேசாக அழுத்தி நேராக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் முக்கியமானது, சிப்பின் தலையில் இருக்கும் அரைவட்ட வெட்டு சாக்கெட்டின் வெட்டோடு பொருந்த வேண்டும். இந்த வகைச் சிப்பில் எட்டாவது கால் பிளஸ், நாலாவது கால் மைனஸ். திருப்பிச் செருகினால் இரண்டும் இடம் மாறிவிடும், சிப் அந்த இடத்திலேயே காலி. கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றியதும் முதல் காரியமாக ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். ஆன் செய்து, ரிலே "டக்" என்று விழும் வரை காத்திருந்து, ஹெட்ஃபோன் ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்து டிசி வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை, நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏதோ தப்பு, உடனே அணைத்துவிட வேண்டும். எனக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. விரலால் சிப்பைத் தொட்டும் பார்த்தேன், இளஞ்சூடு, அவ்வளவுதான். வேகமான ஆப்-ஆம்ப் சில, அதற்காக வடிவமைக்காத சர்க்யூட்டில் போட்டால் நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாட ஆரம்பித்துவிடும், அதன் முதல் அறிகுறி விரல் வைக்க முடியாத சூடு. 637 என்று 627-க்கு ஒரு தம்பி உண்டு, அது கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) ஐந்துக்குக் கீழே நிலையாக நிற்காது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

சரி, முடிவு என்ன? ஆர்எம்ஏஏ-யில் ஒரு டெசிபல்கூட நகரவில்லை. அளவு பொய் சொல்லலாம், காது சொல்லட்டும் என்று பழைய சிப்பில் பதிவு செய்த துண்டையும் புதுச் சிப்பில் பதிவு செய்த அதே துண்டையும் வால்யூம் சமமாக்கி, ஃபூபார்2000-இல் ஏபிஎக்ஸ் சோதனையில் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும் அடியில் வித்தியாசம் தெரிகிறது என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது! எது எது என்று மறைத்துக் கொடுத்ததும் விடை பாதிக்குப் பாதி, பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்தான். சிப் மாற்றிய அன்றைக்குப் பாட்டு நன்றாகக் கேட்டது உண்மை. காசு போட்ட அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

அந்த ஓபிஏ627 ஜோடியை மூன்றாவது சாக்கெட்டில் போட்டேன். அடாப்டரோடு சேர்த்து உயரம் அதிகமாகி, தகரக் கவசத்தை மூடவே முடியவில்லை. சூடு வேறு. இரைச்சல் ஏழெட்டு டெசிபல் ஏறியது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் மேலே எழுதியிருந்த எழுத்து கரைந்து வந்துவிட்டது, லேசரில் பொறித்த எழுத்து அப்படிக் கரையாது. பழைய எல்எம்4562-ஐயே திரும்பப் போட்டுவிட்டேன்.

இனி ஹம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கம்ப்யூட்டர் செருகியிருந்த பிளக் பாயின்ட்டில் அளந்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-க்குப் பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும், ஆனால் பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது. அதாவது அந்த பாயின்ட்டில் எர்த் என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த அளவைத் தெரியாதவர்கள் எடுக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும் பாருங்கள், அதற்கும் இதுதான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு, இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட. எர்த் இல்லாவிட்டால் கேபினட் பாதி மெயின்ஸ் வோல்டேஜில் தொங்கும். என் ஸ்பீக்கர் செருகியிருந்தது ஏசிக்காகத் தனியாக இழுத்த 15 ஆம்பியர் பாயின்ட்டில், அதில் எர்த் நன்றாக இருந்தது. ஆக, கேபினட்டின் கசிவுக் கரண்ட் போக இருந்த ஒரே வழி ஆர்சிஏ வயரின் வெளி உறை வழியாக ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து எர்த்துக்கு. போகிற வழியில் அது சிக்னலோடு கலந்ததுதான் அந்த "ம்ம்ம்". எவ்வளவு விலை உயர்ந்த சிப்பைப் போட்டாலும் அது போகாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவிட்ச் போர்டைத் திறந்தால், பச்சை வயர் சாக்கெட்டில் மாட்டாமல் உள்ளேயே சுருட்டி விடப்பட்டிருந்தது. "அந்தக் காலத்துல லைட்டுக்கு எதுக்கு எர்த்துன்னு விட்டுருப்பாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டார், கீழே எர்த் குழியில் நாலு குடம் தண்ணீரும் ஊற்றச் சொன்னார். அதற்கப்புறம் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் லேசான "ஸ்ஸ்" கேட்கிறது, ஹம் போயே போச்சு. சிலர் ஹம் போக எர்த் பின்னையே உடைத்துவிடச் சொல்வார்கள், சத்தமும் நிற்கும், ஒருநாள் ஆளையும் நிறுத்திவிடும். செய்யாதீர்கள்.

மவுஸ் கிரீச்சுக்கு இரண்டு காரியம் செய்தேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒட்டியே இருந்த ஸ்லாட்டிலிருந்து எஸ்டிஎக்ஸை ஆகக் கீழே இருந்த ஸ்லாட்டுக்கு இறக்கினேன். இந்தக் கார்டுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கில் செருகுவோமே, அந்த நாலு பின் பவர் வயர் தனியாகத் தர வேண்டும். அதை ஃபேன்களோடு பங்கு போட்டிருந்தேன், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வேறு எதுவும் மாட்டாத லைனுக்கு மாற்றினேன். இரண்டில் எது வேலை செய்தது என்று தனித்தனியாகப் பார்க்கவில்லை, ஆனால் கிரீச் காதுக்கு எட்டாத அளவுக்குப் போய்விட்டது, அதற்குமேல் நோண்ட எனக்குப் பொறுமையில்லை.

மென்பொருளில் செய்ய வேண்டியதும் உண்டு. எஸ்விஎன் என்று ஒரு பட்டன் இருக்கிறது, சத்தத்தைச் சமமாக்குகிறேன் என்று பாட்டின் ஏற்ற இறக்கத்தை எல்லாம் தட்டையாக்கிவிடும். அதை அணைத்தேன், டால்பி ஹெட்ஃபோன் என்கிற எஃபெக்டையும். ஹெட்ஃபோன் கெயினில் மூன்று படி உண்டு, 300 ஓமுக்கு நடுப்படி போதும். காதுக்குள் செருகும் சின்ன இயர்ஃபோனுக்கு இந்தக் கார்டு அவ்வளவாக ஒத்துவராது. அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே வரும் வழியில் கார்டே வைக்கும் தடை) 10 ஓம் வாக்கில் இருப்பதால் 16 ஓம் இயர்ஃபோன் சிலவற்றின் ஒலிச் சமநிலையே மாறிவிடும், அடியில் இரைச்சலும் கேட்கும். விண்டோஸ் டிரைவர் கம்பெனிப் பக்கமிருந்து பழையதாகவே நின்றுவிட்டது, ஆர்வலர்கள் திருத்தி வெளியிட்ட யூனி சோனார் பதிப்பைத்தான் போட்டிருக்கிறேன். லினக்ஸில் இந்தப் பிரச்சினையே இல்லை, கெர்னலோடு வரும் டிரைவரே கார்டைக் கண்டுகொள்கிறது. லினக்ஸில் ஒலியைச் சரிசெய்யும் அல்சாமிக்சரைத் திறந்து அவுட்புட்டை ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா என்று மட்டும் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.