ரசமட்டம் வைத்து எழுதிய மனு

பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஒன்பது வருடம் ஆகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், தேவிபட்டினம் பக்கம், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

2024 ஆடி மாதம் பட்டா மாறுதல் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை; அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. புதுக் கட்டடம். வாசலில் சாய்தளம் உண்டு, பக்கத்திலேயே சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையும் உண்டு. பாதி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கின. கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டுவந்து சிமெண்டில் பரப்பியிருந்ததால் பின்சக்கரமும் பிடிக்கவில்லை. மல்லாக்க விழுந்திருப்பேன். வாசலில் மனு எழுதிக்கொடுக்கிற பெரியவர் ஓடிவந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "பொறுங்க தம்பி, திருப்பி வச்சு இழுத்துருவோம்" என்றார். அப்படித்தான், சரக்கு ஏற்றுவதுபோல, முதுகுப்பக்கமாக இழுத்து ஏற்றினார்கள். மேலே போனால் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. திறக்க வேண்டுமானால் நான் பின்னால் நகர வேண்டும். பின்னால் சரிவு.

அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். "ஏறுவதற்கு மிகவும் சிரமமாக உள்ளது, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: மேற்படி அலுவலகத்தில் சாய்தளம் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது, மனு முடிக்கப்பட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. சாய்தளம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தக் கடிதத்தை என் மனைவியின் தம்பியிடம் காட்டினேன். அவன் கொத்தனார். "சிரமம்னு எழுதுனா அவங்க என்ன மச்சான் பண்ணுவாங்க? அளந்து எழுதுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை டேப்பும், தளம் மட்டமா என்று குமிழியால் காட்டும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போனோம். வாசல் மேடை தரையிலிருந்து 58 செ.மீ. உயரம். சாய்தளம் ஓடிய தூரம் 2 மீட்டர் 30. அதாவது ஏறக்குறைய நாலுக்கு ஒன்று: நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரம். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வது பன்னிரண்டுக்கு ஒன்று. 58 செ.மீ. ஏற ஏழு மீட்டர் நீளம் வேண்டும். கதவுக்கு முன்னால் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். அங்கே இருந்தது முக்கால் மீட்டர். ரசமட்டத்தைச் சரிவில் வைத்ததும் குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. டேப்பை விரித்து வைத்துப் படங்கள் எடுத்தேன்.

அதன்பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கட்டடத்தின் வரைபடத்தையும், கட்டி முடித்ததற்குத் தரும் முடிவுச் சான்றின் நகலையும் கேட்டேன். கேட்கக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 44-இன்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டடத்துக்கு அனுமதியோ முடிவுச் சான்றோ தரக்கூடாது. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருட அவகாசம் கொடுத்திருந்தார்கள், 2017 ஜூனில் விதிகள் வந்த நாளிலிருந்து. புதுக் கட்டடத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. முப்பது நாளுக்குள் நகல் வந்துவிட்டது. வரைபடத்தில் சாய்தளம் சுவரையொட்டித் திரும்பி ஏழு மீட்டருக்கு அழகாக ஓடுகிறது! அந்த இடத்தில் இப்போது நிற்பது பைக் நிறுத்தும் தகரக் கொட்டகை.

இரண்டாவது மனுவில் தாழ்மை எல்லாம் இல்லை. அளவு, படம், வரைபட நகல், பிரிவு எண், அவ்வளவுதான். இந்தமுறை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து நேரில் வந்து பார்த்தார்கள். ஆனால் சம்பந்தப்பட்ட துறை "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும்" என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிட்டது. அதே காகிதக் கட்டைச் சென்னையில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வக்கீல் வைக்கவில்லை. சிவில் கோர்ட்டைப்போல ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கடைசியில் அவர் தருவது பரிந்துரை. துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

இடையில் 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் போட்ட வழக்கு. சட்டம் கட்டாயம் என்கிறது, 2017 விதிகளோ அணுகல் அளவுகளை வெறும் வழிகாட்டு யோசனையாக விட்டிருக்கின்றன, அந்த விதி செல்லாது என்றார்கள். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னார்கள். என் மனு ஏன் 'சாய்தளம் உள்ளது' என்ற ஒற்றை வரியில் முடிந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. தீர்ப்பின் செய்தி நகலையும் அனுப்பிவைத்தேன்.

ஆணையர் அலுவலக விசாரணை வீடியோவில் நடந்தது, என் கடையிலேயே. கஸ்டமர் ஒருவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு போனை சோல்டரிங் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தேன். துறை சார்பில் வந்தவர், "துணைக்கு எப்பவும் ஆள் வர்றாங்கதானே சார்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. விசாரித்தவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, "சரிவு எத்தனைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். என் காகிதத்தில் இருந்தது, சொன்னேன்.

அதற்குப்பிறகு பைக் கொட்டகை இடம் மாறியது. சுவரையொட்டிப் புதுச் சாய்தளம் போட்டார்கள். மச்சான் மறுபடி ரசமட்டத்தோடு வந்தான்: ஏழு மீட்டர் பத்து. மேலே சமதளம் ஒன்றரை மீட்டருக்கு நாலு விரற்கடை குறைவு, விட்டுவிட்டேன். கதவை உள்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டார்கள். கழிப்பறையைப் பற்றி எழுதினால் அது தனிக் கதை.

கைப்பிடிக்குச் சாதா இரும்புக் குழாய் போட்டுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்றில் நாலே மாதத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து, பிடித்தால் உள்ளங்கையெல்லாம் துரு. போன வாரம் மனு கொடுத்திருக்கிறேன், குழாயின் விட்டம், துருவின் படம், எவர்சில்வர் குழாயின் மீட்டர் விலை எல்லாம் சேர்த்து. ரசீது எண் வந்துவிட்டது.