நோவா ஹூத்தாவின் சிலுவை

போலந்தில் கிராகோவ் நகரை ஒட்டி 1949இல் கம்யூனிஸ்ட் அரசு கட்டத் தொடங்கிய ஊர் நோவா ஹூத்தா. லெனின் பெயரில் எஃகு ஆலை, வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். தேவாலயம் மட்டும் கிடையாது. 1957இல் இடம் கொடுத்தார்கள், மக்கள் சிலுவை நட்டார்கள். அப்புறம் அனுமதி ரத்து. 1960 ஏப்ரலில் அதைப் பிடுங்க ஆட்கள் வந்தபோது முதலில் மறித்தவர்கள் பெண்கள்தான். இரவுவரை கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது. பேருக்கு அது தொழிலாளர் அரசு! சிலுவை நின்றது. அந்த ஊரில் வெட்டவெளிக் குளிரில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி நிறைவேற்றிவந்த ஆயர் கரோல் வொய்த்திவா, 1977இல் அங்கே எழுந்த தேவாலயத்தைப் புனிதப்படுத்தித் திறந்துவைத்தார். மறு ஆண்டே போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். 1979இல் தாய்நாடு வந்தவரை அந்தத் தேவாலயத்துக்குப் போக அரசு விடவில்லை. பக்கத்திலிருந்த மொகிவா மடத்தில் திருப்பலி நிறைவேற்றினார்.