பழைய ஏஎம்டி வண்டியும் 16,500 ரூபாய் வாரண்டியும்

இடது முழங்கால் தேய ஆரம்பித்திருக்கிறது, கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோபியிலிருந்து பெருந்துறைக்குத் தினமும் வண்டி ஓட்டிப்போய் வருகிறவள் நான். போக வர அறுபது கிலோமீட்டர். புது ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கடன் வாங்க மனசு வரவில்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் ஏஎம்டி தேடினேன், கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றிக்கொள்கிற வகை. கோவை அவிநாசி ரோட்டில் ஒரு டீலரிடம் 2020 மாடல் மாருதி ஒன்று அமைந்தது. பெட்ரோல், பிஎஸ் 6, ஒரே ஓனர், டிஎன் 38 பதிவு, 48,000 கிலோமீட்டர் ஓடியது. தேடிய கதையும் விலை பேசிய கதையும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன். என்னை ரோசனை பண்ண வைத்தது அட்வான்ஸ் கட்டும்போது வந்த கேள்வி.

“எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாங்களா மேடம்? ஒரு வருசம், 15,000 கிலோமீட்டர். 16,500 தானுங்க, ஜிஎஸ்டி தனி.”

ஜிஎஸ்டி 18 சதவீதம். சேர்த்தால் 19,470 ரூபாய். வழவழ தாளில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி, எலக்ட்ரிக்கல் என்று நான்கு படம், நான்கிலும் பச்சை டிக். இன்றைக்கே போட்டால்தான் உண்டு, டெலிவரி எடுத்த பிறகு போட முடியாது என்றார்கள். கூட வந்த அண்ணனும், “போட்டு உடு புள்ள, நிம்மதிக்கும் ஒரு வெலை இருக்குதில்ல” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. திடீரென்று அரை லட்சம் செலவு வந்தால் குடும்பம் ஆடிப்போகும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு, தெரிந்த ஒரு தொகையை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லதுதான். ஆனால் அந்த நிம்மதி நான் பயப்படுகிற பாகத்துக்கு உண்டா என்று தெரிய வேண்டும். நோட்டீஸில் அது இல்லை. நிபந்தனைப் புத்தகம் வேண்டும் என்றேன்.

“அது பணம் கட்டினதுக்கப்புறம் மெயில்ல வருமுங்க.”

புத்தகம் வந்த பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லி, வண்டிக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிட்டது. கொடுக்கக் கூடாத ரகசியம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

அதைப் படிக்கும் முன்னால் இன்னொன்று செய்தேன். ஈரோட்டில் மாருதி கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, சேஸிஸ் நம்பரைச் சொல்லி, கம்பெனி வாரண்டி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் ஓனர் கம்பெனியிடமே நீட்டிப்பு வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் வண்டியோடு அடுத்தவருக்கு வந்துவிடும். அது இருக்கும்போது வெளியில் இன்னொன்று வாங்குவது தண்டம். மாருதி 2024 ஜூலையில்தான் சாதாரண வாரண்டியை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று ஆக்கியது. அதற்கு முன் விற்றவற்றுக்கு 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. என் வண்டிக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது, நீட்டிப்பும் வாங்கவில்லை. இனிமேல் கம்பெனியிடம் வாங்கவும் முடியாது, ஓடுகிற வாரண்டி தீர்வதற்குள் வாங்கியிருக்க வேண்டும். ஆக டீலர் காட்டியது ஒன்றுதான் வழி, அதுவும் கார் கம்பெனியுடையது இல்லை, மூன்றாவது ஒரு நிறுவனத்துடையது.

டீலர் ஆள் அதைப் ‘பாலிசி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படித்துப் பார்த்தால் அது இன்சூரன்ஸே இல்லை, எனக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான வெறும் ஒப்பந்தம். டீலருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நாளைக்குத் தகராறு வந்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக வழியில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், அவ்வளவுதான்.

இனி உள்ளே. முதல் 30 நாளில் வருகிற கோளாறுக்குக் கிடையாது, அது ‘ஏற்கனவே இருந்த பழுது’. கிளட்ச், பிரேக், பேட்டரி, பெல்ட், ஹோஸ் பைப், புஷ், ஷாக் அப்சார்பர், வயரிங் எல்லாம் தேய்மானப் பட்டியலில் போய்விட்டன. அதுகூட நியாயம் என்று வைத்துக்கொள்ளலாம், தேய்கிற பொருளுக்கு யாரும் வாரண்டி தர மாட்டார்கள். எனக்கு உறுத்தியது அதற்கடுத்த வரி: பட்டியலில் இல்லாத பாகம் கெட்டு, அதனால் பட்டியலில் உள்ள பாகம் கெட்டால் அதுவும் சேராது. ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கிறது, கூலன்ட் இறங்கி இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்குப் பச்சை டிக் இருந்தும் பைசா வராது, ஏனென்றால் ஆரம்பம் ஹோஸில். பழைய பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் இப்படிச் சாவதும் உண்டு.

எங்கே ரிப்பேர் பண்ணலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. அவர்கள் பட்டியலில் உள்ள ஒர்க்ஷாப்பில் மட்டும். கோபியில் ஒன்றும் இல்லை, பக்கம் என்றால் ஈரோடுதான். திம்பம் மலையில் வண்டி நின்றால், முதலில் போன் போட்டு அனுமதி வாங்கி, பிரிக்காமல் கொள்ளாமல் அங்கே இழுத்துப்போக வேண்டும். பிரித்துப் பார்த்த பிறகு ‘சேராது’ என்று சொல்லிவிட்டால் பிரித்த கூலியும் நம் தலையில். சர்வீஸும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், பில்லோடு, காலம் தப்பாமல். சத்தி ரோட்டில் நம்ம மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் அதோடு வாரண்டி போச்சு. அப்படியானால் உண்மையான விலை 19,470 மட்டுமா? அந்த வருஷத்து சர்வீஸ் பில்லில் ஏறுகிற கூடுதலையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் அந்த 15,000 கிலோமீட்டர். மாதத்துக்கு வேலை நாள் இருபத்தைந்து, தினம் அறுபது என்றால் 1,500. பத்தாவது மாதம் முடிந்துவிடும். முதல் 30 நாள் இல்லை. நான் வாங்கப்போவது ஒன்பது மாத வாரண்டி.

இவ்வளவு இருந்தும் நான் வேண்டாம் என்று முடிவு பண்ணவில்லை. காரணம் ஏஎம்டி. மேனுவல் வண்டியாக இருந்தால் இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருக்கவே மாட்டேன். கோவையில் கை வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் எதுவானாலும் ரீகண்டிஷன் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள், உக்கடத்தில் தேடினால் பழைய பாகமும் கிடைக்கும். கம்ப்யூட்டர் சொல்கிறபடி கியர் மாற்றுகிற சமாச்சாரத்தில் அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. அதனால் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போய் பிடிஎஃபைக் காட்டினேன்.

அவர் முழுசாகப் படிக்கவில்லை. கியர்பாக்ஸ் பக்கத்தை மட்டும் காட்டச் சொன்னார்.

“அம்மிணி, ஏஎம்டிங்கிறது ஒண்ணும் புது கியர்பாக்ஸ் இல்ல. உள்ள இருக்கறது நம்ம சாதா கியர்பாக்ஸ்தான். நீ காலுலயும் கையிலயும் பண்ற வேலைய வெளிய மாட்டியிருக்கிற ஒரு செட்டு பண்ணுது. மோட்டாரு, பம்பு, ஆயிலு எல்லாம் சேந்த செட்டு. ஆக்சுவேட்டருன்னு சொல்லுவாங்க. கெட்டா அது கெடும், இல்லாட்டி கிளட்ச் தேயும். உள்ள இருக்கற பல்சக்கரம் லேசுல போவாது. இவன் என்ன எழுதியிருக்கறான் பாரு.”

எழுதியிருந்தது இது: ‘கியர்பாக்ஸின் உள்ளே, ஆயிலில் இயங்கும் பாகங்கள்’. உள்ளே.

“அப்ப செட்டு?”

“அதத்தான் கேக்கோணும். போன்ல கேட்டா ஆமாம்பான். எழுத்துல கேளு. இல்லீன்னா வேலியெல்லாம் கட்டிப்போட்டுக் கடவத் தொறந்து உட்ட கதைதான்.”

ஈரோட்டில் அந்தச் செட்டின் விலையையும் விசாரித்தேன். வாரண்டிப் பணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே சொன்னார்கள். எனவே இந்த ஒரு பாகம் பட்டியலில் இருந்தால் மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாங்கிவிடுவது, இல்லையென்றால் விடுவது. என் கணக்கு அங்கே வந்து நின்றது.

டீலர் ஆள், மெக்கானிக் அண்ணன் சொன்னபடியே, “கியர்பாக்ஸ் கவர்னா எல்லாமே கவர்தாங்க மேடம்” என்றார். அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு வரி மெயில் போதும் என்றேன். ‘சேரும் பாகங்களின் பட்டியலைப் பார்க்கவும்’ என்று பதில் வந்தது. பட்டியலைப் பார்த்துத்தானே கேட்கிறேன்! ஏஎம்டி ஆக்சுவேட்டர், அதன் கண்ட்ரோல் யூனிட், இரண்டும் சேருமா சேராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று திரும்ப எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் இழுத்தடித்தார்கள். நடுவில் டீலர் ஆள் 2,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் வந்த பதில்: அந்தப் பாகங்கள் பட்டியலில் இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீலர் முகம் கொஞ்சம் வாடியது, அவருக்கு அதில் கமிஷன் இருக்குமாயிருக்கும். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன்: டெலிவரிக்கு முன் வண்டியைக் கோவையிலேயே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, என் செலவில் ஸ்கேன் போட்டுப் பார்க்க விட வேண்டும். ஒத்துக்கொண்டார்.

செகண்ட் ஹேண்ட் ஏஎம்டி எடுப்பவர்கள் யாரும் இந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைச் சொல்கிற எரர் கோடு (code) ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. கோடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும், கேட்டால்தான் சொல்வார்கள். அது வெறும் 20 கிலோமீட்டர் என்றால் விற்பதற்கு முன் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் வண்டியில் ஆயிரக்கணக்கில் காட்டியது. சர்வீஸ் வரலாற்றில் ஒவ்வொரு தடவையும் பதிந்த கிலோமீட்டரும் மீட்டரோடு ஒத்துப்போனது. மருதமலை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், ஏற்றத்திலேயே ரிவர்ஸும் போட்டேன். கியர் விழ யோசிக்கவில்லை, கிளட்ச் கருகுகிற வாடையும் இல்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் 29, 30 போட்டு ஆர்சி மாற்றம். ஓடிக்கொண்டிருந்த இன்சூரன்ஸை என் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததற்காகப் பிரீமியத்தில் கிடைத்த தள்ளுபடி, நமக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கட்டுகிற கையோடு இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனும் சேர்த்துக்கொண்டேன். மழை பிடித்தால் கோவை லங்கா கார்னர் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று தெரியும். தண்ணீர் ஏறிக் கெட்ட இன்ஜினுக்கு அந்த வாரண்டியிலும் இடமில்லை, சாதா இன்சூரன்ஸிலும் இடமில்லை.

கட்டாமல் விட்ட 19,470 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வருகிறேன். இதுவரை அதிலிருந்து எடுத்தது பேட்டரிக்கும் முன்பக்க லிங்க் ராடுக்கும். இரண்டும் வாரண்டியில் சேராதவை. நாளைக்கே ஆக்சுவேட்டர் போகலாம், போனால் அந்தப் பணம் பாதிக்குத்தான் வரும், மீதியைக் கையிலிருந்து போடுவேன்.

அன்றைக்குக் கூட வந்த அண்ணன் சமீபத்தில் மூன்று வருஷம் நிறையாத ஒரு டர்போ பெட்ரோல் வண்டி எடுத்தார், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். எங்கள் மெக்கானிக் அண்ணனே, “அதுல நான் கை வெக்க மாட்டனுங்க” என்று சொல்லிவிட்ட கியர்பாக்ஸ். கம்பெனி வாரண்டி தீர இன்னும் கொஞ்ச நாள் இருந்ததால் கம்பெனியின் சொந்த நீட்டிப்பையே வாங்க வழியிருந்தது. “நீதான் வாரண்டியே வேண்டாம்னவளாச்சே” என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை அனுப்பினார். கியர்பாக்ஸ் பக்கத்துக்கு நேராகப் போனேன். அந்த கியர்பாக்ஸை இயக்குகிற செட்டை மெக்கட்ரானிக்ஸ் யூனிட் என்று பெயர் போட்டே எழுதியிருந்தது, ஒர்க்ஷாப்பும் ஈரோட்டிலேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் பணத்தைக் கட்டிவிடச் சொன்னேன்.