இயங்குதளம் மாறும் பருவம்: சத்துவாச்சாரி நாட்குறிப்பு

ஜூன் 11, 2025, புதன்

முந்தாநாள் ஆப்பிள் தன் மாநாட்டில் ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் 18-க்கு அடுத்தது ஐஓஎஸ் 26 என்று அறிவித்தது. இனி எண் ஆண்டுக் கணக்கைப் பின்பற்றுமாம். நேற்று ஆண்ட்ராய்டு 16 வெளியாகிவிட்டது. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வந்துகொண்டிருந்தது இந்த முறை ஜூனிலேயே வந்திருப்பதால், வழக்கமாக ஆடி முடிந்து தொடங்கும் எங்கள் வேலை, வேலூர் வட்டாரக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் எழுதித் தந்த செயலிகளைப் புதுப்பிக்கும் வேலை, இப்போதே வாசலில் நிற்கிறது.

அக்காள் மகன் இரவெல்லாம் விழித்துப் பார்த்திருக்கிறான். காலையில் அலுவலகப் படியேறும்போதே, "சித்தி, போனுக்குள்ளேயே ஓடும் ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை நம் செயலியில் பயன்படுத்திக்கொள்ளலாமாம், இணையமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஐபோன் 15 புரோவிலும் அதற்குப் பின் வந்த ஐபோன்களிலும் மட்டுமே ஓடும். அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்பவரின் வசூல்காரர் கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். ஆப்பிள் கடையில் செயலியை வைத்திருக்க ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். இதையெல்லாம் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது.

எந்த இயங்குதளம் வெளியானாலும், புதிய வசதிகளைச் சொல்லும் பக்கத்தை நான் கடைசியில்தான் படிப்பேன்; முதலில் படிப்பது, இதுவரை நடந்த எது இனி நடக்காது என்று சொல்லும் பக்கத்தை. சிறு ஊரில் இருபது ஆண்டுகளாக என் வீட்டு அடுப்பு எரிந்தது பெரும்பாலும் அந்தப் பக்கத்தால்தான்.

ஜூலை 5, 2025, சனி

வசூல் செயலியை ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துத் தொகுத்தோம், அதாவது எழுதிய மூலத்தைப் போனில் ஓடும் நிரலாக்கினோம். ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பிளேயில் எந்தப் புதுப்பிப்பை ஏற்றவும் அது கட்டாயம். தொகுத்து, ஆண்ட்ராய்டு 15 ஓடும் என் பழைய போனில் போட்டபோது 'பதிவு செய்' பொத்தான் திரையின் அடியில், பின்செல்லும் பொத்தானும் முகப்புப் பொத்தானும் இருக்கும் பட்டைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. தெரிந்த பாதியின் கீழ் விளிம்பைத் தொட்டால், 1,850 ரூபாய் வரவு பதிவாகாமல் போன் முகப்புத் திரைக்குப் போய்விடுகிறது. கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைப் பிடித்திருக்கும் மனிதர் அந்த விளிம்பைத்தான் தொடுவார்.

ஆண்ட்ராய்டு 15 முதல் செயலியின் திரை விளிம்பிலிருந்து விளிம்பு வரை விரிந்தே ஆக வேண்டும் என்பதுதான் காரணம். 15-இல் ஒரு வரி சேர்த்து அதிலிருந்து விலக்குப் பெறலாம். 16-ஐ இலக்காக வைத்தால் அந்த விலக்கும் கிடையாது. சென்ற ஆண்டு சோதனையாகத் தொகுத்தபோதே அந்த ஒரு வரியை எழுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தவள் நான்தான் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இன்று அந்த விலக்கை நீக்கிவிட்டுத் தொகுத்ததால்தான் பொத்தான் மறைந்தது. பிறகு, பட்டைகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி அந்த அளவுக்குப் பொத்தானை மேலே தள்ளும்படி ஒவ்வொரு திரையாகத் திருத்தினோம். பதினான்கு திரைகள், மாலை ஆகிவிட்டது.

கிடங்கில் இருக்கும் டேப்லெட்டும் மனதில் நெருடுகிறது. திரை நெட்டுவாக்கில்தான் நிற்க வேண்டும் என்று நாங்கள் பூட்டியிருந்தோம். 16-ஐ இலக்காக வைத்த செயலிகளுக்குப் பெரிய திரைகளில் அந்தப் பூட்டு செல்லாது. அதற்கு அவகாசம் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, 2025, செவ்வாய்

கூகுள் நேற்று அறிவித்திருப்பது எங்களைப் போன்றவர்களின் அடிமடியில் கை வைக்கிறது. பிளே கடைக்கு வெளியே கோப்பாகப் பகிரப்படும் செயலிகளும், அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்துகொண்ட உருவாக்குநர்களுடையவையாக இருந்தால்தான் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியுமாம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரியும் என்கிறார்கள்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேருக்குச் செயலியை வாட்ஸப்பில்தான் அனுப்புகிறோம். ஓர் ஆலைக்கு மட்டும் எழுதிய தோல் கணக்குச் செயலியைப் பிளேயில் வைத்து யாருக்கு என்ன பயன்? பையன் உடனே தன் பெயரில் பிளேயில் புதுக் கணக்குத் திறந்துவிட்டான். இப்போது தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். தன் கிரிக்கெட் அணியைப் பதினொருவர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதிக்கொண்டான்.

செப்டம்பர் 12, 2025, வெள்ளி

மண்டித் தெருவிலிருந்து அழைப்பு. வெல்ல மண்டிக்காரர். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் வெல்லத்தை விற்றுக் கொடுத்து, கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மகமை (பொதுக் காரியத்துக்கென வியாபாரிகள் பிடிக்கும் சிறு தொகை) எல்லாம் கழித்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் கடை. 1994-இல் எங்கள் ஆசிரியர் கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த நிரலில்தான் இன்றும் கணக்கு ஓடுகிறது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கணக்குப்பிள்ளை ஐயா அதில் ஒரு பட்டியலை நாற்பது நொடிகளில் போடுவார். சுட்டியைத் தொடவே மாட்டார்.

அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்று கேள்விப்பட்டு, புதிய கணினி வாங்கியிருக்கிறார். விற்றவர், "பழைய நிரலைக் காப்பி செய்து போட்டால் ஓடும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். இரட்டைச் சொடுக்கில் வந்தது ஒரு செய்திப் பெட்டி: இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது, உங்கள் கணினிக்கு ஏற்ற பதிப்பு வேண்டுமென்றால் வெளியீட்டாளரைக் கேளுங்கள். வெளியீட்டாளர் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன.

அந்த நிரல் 16 பிட்டில் எழுதப்பட்டது; பிட் எண்ணிக்கை என்பது புராசஸர் ஒரு வீச்சில் கையாளும் தரவின் அளவு. 16 பிட் நிரலைத் தாங்கி ஓட்டும் அடுக்கு 32 பிட் விண்டோஸில் மட்டுமே உண்டு. பழைய கணினியில் விண்டோஸ் 7-இலிருந்து ஏறிய 32 பிட் விண்டோஸ் 10 இருந்ததால் முப்பது ஆண்டு நிரல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய கணினியிலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம் என்றால், அதில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, புராசஸரும் மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பை விலைக்கு வாங்கலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகி, மூன்றாம் ஆண்டோடு அதுவும் நின்றுவிடும்.

"ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா அம்மா?" என்று கேட்டார். தள்ளிப்போட்டால் அடுத்த அக்டோபரில் இதே நாற்காலியில் இதே பேச்சைப் பேசுவோம் என்றேன். மண்டித் தெருவில் இதே நிரல் இன்னும் ஆறு கடைகளில் ஓடுகிறது என்பதை அவர்தான் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஆறு என்ற எண்ணைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

ஹார்பர் என்று ஒரு திறமூலத் தொகுப்பி, அதாவது மூலத்தை ஓடும் நிரலாக்கும் இலவசக் கருவி, இருக்கிறது. கிளிப்பர் மொழியில் எழுதியதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் நிரலாக்கித் தரும். கணக்குத் தரவு இருக்கும் பழைய டிபிஎஃப் கோப்புகளையும் அவற்றின் சுட்டுவரிசைக் கோப்புகளையும் நேரடியாகவே படிக்கும். பழைய கணினியின் டி டிரைவில் மூலக் கோப்புகள் கிடைத்தன. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. பன்னிரண்டாவதன் 16 பிட் இயந்திரக் கோப்பு மட்டும் இருந்தது. ஹார்பர் அதை ஏற்காது. தொகையை எழுத்தால் எழுதுவதும் மகமை கணக்கிடுவதும் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டையும் நானே எழுதினேன்.

அச்சு தனிக் கதை. பட்டியல் மூன்று நகல், கார்பன் வைத்த தொடர்தாள், புள்ளி அச்சுப்பொறி. ஆசிரியர், எழுத்தைச் சுருக்குவதற்கு 15 என்ற குறியையும் பழைய அளவுக்குத் திரும்ப 18 என்ற குறியையும் நேராக அச்சுப்பொறிக்கே அனுப்பியிருந்தார். விண்டோஸின் வழக்கமான அச்சு வழியில் அனுப்பியபோது குறிகள் வழியிலேயே விழுங்கப்பட்டு, 132 எழுத்து கொள்ள வேண்டிய வரி 80-இல் முறிந்து அடுத்த வரியில் தொங்கியது. ஹார்பரிலேயே கோப்பை மாற்றமின்றி அச்சுப்பொறிக்குத் தள்ளும் ஒரு செயற்கூறு உண்டு. அதை வைத்து அனுப்பியதும் தலை கிர்ரென்று ஓடி, மூட்டை, எடை, விலை, கழிவு எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன. இருபது ஆண்டுகளில் எந்தப் புதுத் திரையைக் கண்டும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி வந்ததில்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. மண்டியில் புதிய கணினிக்கும் பழையதற்கும் சேர்த்தே சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பு நேற்று வெளியாகியிருக்கிறது. அதை இப்போது ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு இன்று கடைசி நாள். இன்றோடு கணினி நின்றுவிடும் என்று நினைத்து நான்கு பேர் அழைத்தார்கள். நிற்காது, நாளையும் ஓடும். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பு மட்டும் வராது என்று நால்வருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். நாளை ஓடப்போகிறது என்பதால்தான் பலரும் மறந்துவிடுவார்கள் என்பது என் கவலை.

மண்டியில் பத்து நாட்கள் பழைய நிரலும் புதிய நிரலும் அருகருகே ஓடின. சென்ற ஆண்டின் 3,412 பட்டியல்களைப் புதிய நிரலில் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டேன். 41 பட்டியல்களில் ஒரு ரூபாய் வித்தியாசம். மூன்று இரவுகள் என் நிரலில் தவறு தேடினேன். கடைசியில் கணக்குப்பிள்ளை ஐயாவிடம் காட்டியதும் கண்ணாடியைக்கூட எடுக்காமல் சொன்னார்: "மகமையில சில்லறை வாங்கறதில்லைம்மா. காசைத் தள்ளிடுவோம்." நான் ஐம்பது காசுக்கு மேல் இருந்தால் அடுத்த ரூபாயாக ஆக்கியிருந்தேன், ஆசிரியர் அடியோடு வெட்டியிருக்கிறார். காணாமல் போன பன்னிரண்டாவது கோப்பின் அந்த ஒரு வரி இவர் நினைவில் மட்டும்தான் மிச்சமிருந்தது. மாற்றியதும் 41-உம் பொருந்தின.

பழைய கணினியைத் தூக்கிப் போடவில்லை. 32 பிட் விண்டோஸ் ஓடியதால் அது 32 பிட் இயந்திரம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் புராசஸர் 64 பிட். பையன் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டான். மண்டிக்காரரின் பேத்தி அதில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டிப் பழகுகிறாள்.

நவம்பர் 1, 2025, சனி

16 கேபி நினைவகப் பக்கங்களுக்கான பிளேயின் கெடு இன்று. ஆண்ட்ராய்டு இதுவரை நினைவகத்தை 4 கேபி துண்டுகளாகக் கையாண்டு வந்தது. புதிய கருவிகளில் சில 16 கேபி துண்டுகளாகக் கையாளும். ஆண்ட்ராய்டின் வழக்கமான மொழியான கோட்லினில் மட்டும் எழுதிய செயலிக்குக் கவலையில்லை. சி மொழியில் எழுதிய நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, உள்ளே வைத்திருந்தால், அதை 16 கேபி எல்லைகளில் அமையும்படி மறுபடி தொகுத்திருக்க வேண்டும். எங்கள் நூலகங்களில் ஒன்று, பட்டைக்கோடு படிப்பது, அப்படி இல்லை; அதை எழுதியவர்கள் புதுப்பிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மூலம் பொதுவில் இருந்ததால் பையன் அதை எடுத்து, இயல்பாகவே 16 கேபியில் தொகுக்கும் கூகுளின் புதிய தொகுப்புக் கருவியான என்டிகே 28-இல் தொகுத்து, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே ஏற்றிவிட்டான். ஜூனில் மொழி மாதிரியைப் பற்றிப் பேசிய அதே பையன் இப்போது வாடிக்கையாளர்களின் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே என்னென்ன நூலகங்கள் இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறான். ராணிப்பேட்டையில் மூன்று பேர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய சொந்தச் செயலியின் 14 நாள் கணக்கு மட்டும் ஒன்பதாம் நாளில் அறுந்தது. விக்கெட் கீப்பர் போனை மாற்றியபோது சோதனையிலிருந்து விலகிவிட்டானாம்.

மண்டித் தெருவின் மற்ற ஆறு கடைகளில் இரண்டு முடிந்துவிட்டன. பட்டியலை விவசாயியின் போனுக்கும் அனுப்ப முடியுமா என்று இருவருமே கேட்டார்கள். டிபிஎஃப் கோப்பு இப்போது சாதாரண விண்டோஸ் நிரலின் கையில் இருப்பதால் அது பெரிய வேலையில்லை, தனியாக விலை சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கடை அரிசி மண்டி. அங்கே மூலக் கோப்புகள் பன்னிரண்டும் இருக்கின்றன, ஆனால் அவற்றைத் தொகுத்தால் வரும் பட்டியலில் இல்லாத ஒரு கழிவு அவர்களுடைய அச்சுப் பட்டியலில் இருக்கிறது. ஆசிரியர் பிற்பாடு வந்து கைப்பட மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடையின் பழைய கணக்குப்பிள்ளை இப்போது பாகாயத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்.