மயோஜெனினைக் கண்ணால் பார்த்தோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்தில் சி2சி12 என்ற எலியின் தசை முன்னோடிச் செல்களை வளர்த்து, அவை தசையாக மாறும் விதத்தை ஆராய்கிறோம். மாற்றம் தொடங்கிவிட்டது என்பதற்கு அத்தாட்சி மயோஜெனின் என்ற புரதம். உட்கருவில் இருந்துகொண்டு தசைக்குரிய மரபணுக்களை முடுக்கிவிடுவது அது. அதைக் கண்டறிய, அதை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எஃப்5டி என்ற ஆன்டிபாடியை (எதிர்ப்புரதத்தை) தேர்ந்தெடுத்தோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹைபிரிடோமா எனப்படும் ஆன்டிபாடி சுரக்கும் செல்களைச் சேமித்து வைக்கும் வங்கி அதைக் குறைந்த விலைக்குத் தருகிறது. ராண்டில் கணக்குப் பார்க்கும் எங்களுக்கு அது பெரிய ஆறுதல். இறக்குமதி அனுமதிக்குத்தான் நெடுநாள் காத்திருந்தோம்.

பார்சல் வந்த அன்றே, சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் எங்கள் ஆய்வக அக்கா அதைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்துவிட்டார். "உறைவதும் உருகுவதுமாக இருந்தால் கெட்டுவிடும், தம்பி. மின்வெட்டு நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?" என்றார்.

செல்கள் தட்டை நிறைத்ததும் 2 விழுக்காடு குதிரைச் சீரத்துக்கு மாற்றினோம். ஊட்டம் குறைந்தால்தான் அவை பெருகுவதை விட்டுத் தசையாகத் திரும்பும். பிறகு பாராஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் செல்களை அப்படியே நிலைப்படுத்தி, டிரைட்டன் என்ற சோப்பு போன்ற பொருளால் சவ்வுகளைத் திறந்தோம். இதில் அவசரப்பட்டால் ஆன்டிபாடி உட்கரு வரை போய்ச் சேராது.

கூடவே இரண்டு தட்டுகள் வைத்தோம். ஒன்றில் மாற்றம் தொடங்காத செல்கள். மற்றொன்றில் எஃப்5டி இல்லாமல், அதைப் பற்றிக்கொண்டு ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி மட்டும். இவை எதற்கு என்று மாணவர் ஒருவர் கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டாக இருக்க வேண்டிய தட்டு இருட்டாக இருந்தால்தான் மற்றதில் தெரியும் ஒளியை நம்ப முடியும்.

இரண்டும் இருட்டாகவே இருந்தன. தசையாக மாறும் செல்களில் இரண்டு ஆன்டிபாடிகளையும் சேர்த்த மூன்றாவது தட்டைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீண்ட தசைக்குழாய் ஒன்றுக்குள் உட்கருக்கள் வரிசையாக நின்றன; உட்கருவைக் காட்டும் நீலச் சாயத்தின் மேலேயே பச்சை பொருந்தியிருந்தது, வெளியே சிந்தவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், மயோஜெனினின் பட்டை 34 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே வந்தது. அமினோ அமிலக் கணக்குப்படி 25 தான் என்று புதியவர்கள் பதறுவார்கள். வேண்டியதில்லை, மயோஜெனின் ஜெல்லில் அந்த உயரத்தில்தான் நிற்கும்.

அடுத்து, முதிர்ந்த தசையின் மயோசின் என்ற புரதத்தைக் காட்டும் எம்எஃப்20 என்ற ஆன்டிபாடி. எஃப்5டி ஐஜிஜி1 வகை, இது ஐஜிஜி2பி வகை. ஒவ்வொரு வகையை மட்டும் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடிகள் தனித்தனியாக உண்டு; ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வெவ்வேறு நிறத்தில் பார்க்கலாம். சிவப்பு நிற இரண்டாவது ஆன்டிபாடிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம்.