பெய்ரூத் சட்டி

வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டோரம் என் மண்சட்டிக் கடை. சரக்கு தமிழ்நாட்டுச் சூளையிலிருந்து வரும். வாங்குவது பெரும்பாலும் மலையாளச் சேச்சிமார். மீன் சட்டிக்கு வருகிறவர்கள் விலையை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் விரலை மடக்கி ஒரு தட்டு. கணீரென்றால் அடுத்த கேள்வி: "சேட்டா, இது எவிடத்தெ மண்ணா?"

போன மாதம் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கோயமுத்தூரில் சரித்திரம் படிக்கிறாள். "இது என்னன்னு சொல்லுங்கப்பா." மெல்லிய சுவர், உருண்ட வயிறு, இரண்டு காது. உள்ளே அடியில் மட்டும் பழுப்பாக ஒரு மினுக்கம். குழம்புச் சட்டி என்றேன். எண்ணூறு வருசத்துக்கு முந்தினதாம். லெபனான் நாட்டுப் பெய்ரூத்தில் செய்து, அக்கோ துறைமுகத்துக்கு விற்கப் போன வகை. (அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியேதான் ஊர்ப் பேரும். இப்போது இஸ்ரேலின் வடக்குக் கரை.)

1104-இலிருந்து 1291 வரை, நடுவில் நாலு வருசம் போக, அக்கோ, ஐரோப்பாவிலிருந்து படையெடுத்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப் போராளிகள் கையில் இருந்தது. வெனிஸ், ஜெனோவா, பீசா கப்பலெல்லாம் அங்கே வரும். சைப்ரஸ், வட சிரியா, கிரேக்கப் பக்கத்திலிருந்து மெருகு (கண்ணாடி மாதிரிப் பூச்சு) போட்ட கிண்ணங்கள் வந்து இறங்கின. மத்தியதரைக் கடலோரத்துக் கிண்ணங்களைப் பீசாக்காரர்கள் தேவாலயச் சுவரிலேயே பதித்து வைத்தார்கள். நாம் வீட்டு முகப்பில் திருஷ்டிக்குப் பூசணி கட்டுகிறோம், அவர்கள் அழகுக்குக் கிண்ணம். இருக்கட்டும்.

எனக்கு உறைத்தது வேறு. அக்கோவிலும் குயவர்கள் இருந்தார்கள். யாத்ரீகர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிட்டலர் துறவிகளின் வளாகத்தில், உள்ளூரில் செய்த தடித்த, மெருகில்லாத கிண்ணங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அடுப்பில் ஏற்றுகிற சட்டிக்கு மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிற பெய்ரூத். ஏன் என்று மகள் கேட்டாள். அக்கோ மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்று அவளே சேர்த்துச் சொன்னதும் எனக்கு எங்கய்யன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு வருசம் நல்ல மழை. வழக்கமாக மண்ணெடுக்கும் குளம் ரொம்பிவிட, அய்யன் வேறொரு குளத்தில் வண்டல் வெட்டினார். சூளை பிரித்தபோது ஒரு குறையும் இல்லை. வைக்கோல் இடுக்கி, மாட்டு வண்டியில் எல்லை தாண்டி விற்று வந்தார். பத்து நாளில் ஒரு சேச்சி சட்டியோடு வந்து நின்றாள். வயிற்றில் அங்கங்கே சில்லு பெயர்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வெள்ளைப் பொட்டு. சுக்கான்கல்! சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, அப்புறம் ஈரம் பட்டதும் நீறிப் பொங்கியிருக்கிறது. அய்யன் பேசவே இல்லை. அந்த ஈட்டுச் சட்டி முழுவதற்கும் மாற்றுச் சட்டி கொடுத்தார். அதில் போன காசை அந்த வருசம் பூராவும் அம்மா சொல்லிக் காட்டினாள்.

அதனால் அக்கோ குயவன் அடுப்பேறாத கிண்ணத்தோடு நின்றுகொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். தன் மண் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பெய்ரூத்காரர்களின் உள்மினுக்கம் ஈய மெருகு. குழம்பு மண்ணுக்குள் இறங்காது, அடியும் பிடிக்காது. நம் சட்டிக்கு அது கிடையாது. கஞ்சித் தண்ணீரில் ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். ஈயம் வயிற்றுக்குள் போகிற சங்கதி தெரிந்த பிறகு, கஞ்சித் தண்ணீரே மேல் என்றுதான் சொல்வேன்.

எந்த ஊர்ச் சட்டி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்களாம்? உடைந்த ஓட்டுத் துண்டை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் மணலையும் கல்லையும் பார்க்கிறார்கள். சேச்சிமாரின் அதே கேள்வி, கருவிதான் வேறு.

மகளிடம் சொல்லியிருக்கிறேன்: "அம்மிணி, முழுச் சட்டிப் படம் வேண்டாம். உடைஞ்ச விளிம்பை மட்டும் பெருசா ஒண்ணு தேடி அனுப்பு. எவ்வளவு மணல் சேத்தாங்கன்னு பாக்கோணும்."