ஒரே திருட்டு, இரண்டு புகார்கள்

நான் வடிவமைத்த தமிழ் ஃபாண்ட் வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருந்ததைப் பார்த்தபோதுதான், மூன்று வாரம் முன்பு வந்த மின்னஞ்சல் உறைத்தது. என் ஃபாண்ட் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த இணையக் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்ததாக அதில் இருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தேன்.

எல்லாவற்றையும் கொட்டி ஆறு பக்கப் புகாராக எழுதி சைபர் கிரைம் பிரிவுக்குக் கொண்டுபோனேன். படித்துப் பார்த்த அதிகாரி, "இதில் பாதி எங்கள் வேலை, பாதி வக்கீல் வேலை. பிரித்து எழுதிக்கொண்டு வாங்க" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

அனுமதி இல்லாமல் ஒருவர் கணக்கில் நுழைவதே குற்றம். உள்ளே இருந்தது என் இரண்டு வருட உழைப்பா, பழைய ரசீதுகளா என்பது அதற்குப் பொருட்டில்லை. அங்கே வேண்டியது உள்நுழைவுப் பதிவு, ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), நேரம். எந்த நேர மண்டலம் என்பதையும் எழுத வேண்டும். ஒரே ஐபி முகவரி அடுத்தடுத்துப் பலருக்குப் போகும், நேரம் பிசகினால் சம்பந்தமில்லாத ஒருவர் மாட்டிக்கொள்வார். சேவை நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை என்றைக்கும் வைத்திருப்பதில்லை. அதனால் முதலில் ஓட வேண்டியது இதற்குத்தான்.

பதிப்புரிமையில் யார் நுழைந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. படைப்பு என்னுடையது, அவர்கள் விற்பது அதன் நகல், இவ்வளவு போதும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் எழுத்தின் வடிவத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வக்கீல் ஃபாண்ட் கோப்பை மென்பொருளாக முன்வைத்தார். ஆதாரத்துக்கு 'ழ'வைத் திறந்து காட்டினேன். அதன் வால் வளையும் இடத்தில் வடிவக் கோட்டில் தேவையில்லாத ஒரு புள்ளியை அழிக்காமல் விட்டிருந்தேன். அவர்கள் கோப்பிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

நீக்கக் கோரி விற்பனைத் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பிய நான்காம் நாள் அந்தப் பக்கம் போய்விட்டது. நீக்கியது தவறு என்று விற்றவர் எதிர் நோட்டீஸ் கொடுத்திருந்தால், அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தைப் பின்பற்றும் தளங்களில் 10 முதல் 14 வேலை நாட்களில் அது திரும்ப வந்துவிடும். அதைத் தடுக்க அதற்குள் நான் வழக்குப் போட்டாக வேண்டும். நல்லவேளை, அவர் கொடுக்கவில்லை.

இரண்டு சட்டங்களும் ஒட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. தெரிந்தே, வணிக அளவில் நகலெடுத்து விற்பதைக் குற்றமாகவே தண்டிக்க வேண்டும் என்கிறது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸின் 61வது பிரிவு. அதையே கணினி வழியாகச் செய்தால், சைபர் குற்றங்களுக்காக 2001இல் வந்த சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 10வது பிரிவு சைபர் குற்றங்களோடு சேர்க்கிறது. அதனால் விற்பனைப் பக்கத்தின் படங்களையும், நாங்களே ஒரு பிரதி வாங்கிய ரசீதையும் காவல் துறையிடமும் கொடுத்தோம்.

நுழைந்தவர் வேறு, விற்றவர் வேறு என்று அப்புறம் தெரிந்தது. விற்றவர் நஷ்டஈடு கொடுத்து முடித்துக்கொண்டார். நுழைந்தவரைத் தேடும் விசாரணை இன்னும் நடக்கிறது.